பழைய குமுட்டி அடுப்பைச் சரிசெய்ய

பழைய இரும்புக் கடையில் கரி போட்டு எரிக்கும் குமுட்டி அடுப்பு வாங்கினால், முதலில் கரியைத் தாங்கும் கம்பித் தட்டைப் பாருங்கள். கம்பி மெலிந்து தொங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். கரி சரிந்தால் காற்று வழி அடைபட்டுப் புகைதான் வரும்.

சாம்பலை முழுக்கத் தட்டிக் கொட்டுங்கள். சாம்பல் ஈரத்தை இழுக்கும். அடித்தகடு ஓட்டையாவது பெரும்பாலும் அதனால்தான். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, 80-ம் நம்பர் உப்புத்தாள் போட்டு, காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

உள்ளே மண் பூச்சு விண்டிருந்தால்தான் பொறுமை வேண்டும். ஆடுகிற மண்ணைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, 2 பங்கு களிமண், 1 பங்கு மணல், ஒரு கைப்பிடி உமி சேர்த்துப் பிசைந்து விரல் கனத்துக்குப் பூசுங்கள். வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். நிழலில் 4 நாளாவது காயட்டும். ஈரம் இருக்கும்போது மூட்டினால் ஆவி பூச்சையே பெயர்த்துவிடும். முதல் தடவை இரண்டு கைப்பிடி கரி போதும், அதுவும் திறந்த வெளியில். மூடிய அறையில் என்றைக்குமே மூட்டாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே காட்டாமல் ஆளைக் கொல்லும்.

வெளித்தகட்டுக்குச் சாதாரண எனாமல் பெயின்ட் வேண்டாம், சூட்டில் கொப்பளித்து நாறும். சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் கேட்டு வாங்குங்கள்.