ஆடும் கால்களுக்கு வாசிப்பது: பழைய ஸ்விங் இசைக்குழு ஒன்றை அமைக்கும் முறை

1920களிலும் 1930களிலும் அமெரிக்க நடனக் கூடங்களை நிறைத்த ஜாஸ், ஸ்விங் இசையை இன்று மீண்டும் மேடையேற்ற விரும்புகிறவர்கள் பலர் உடையிலிருந்து தொடங்குகிறார்கள். அகன்ற கால்சட்டை, போ டை, பழைய பாணி மைக் ஆகியவை எல்லாம் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளக் கூடியவை. இந்த இசை நாற்காலியில் அமர்ந்து கேட்பவர்களைவிடத் தளத்தில் இறங்கி ஆடுகிறவர்களுக்காகவே உருவானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 1926 முதல் 1958 வரை இயங்கிய சவாய் நடனக் கூடத்தில் அருகருகே இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு ஓய்வெடுக்கப் போனதும் அடுத்த குழு தொடங்கிவிடும், ஆட்டம் நிற்காது. 1937 மே 11 அன்று அங்கே பென்னி குட்மேனின் குழுவும் சவாயின் சொந்தக் குழு என்றே சொல்லத்தக்க சிக் வெப்பின் குழுவும் போட்டியில் இறங்கியபோது, நாடெங்கும் புகழ்பெற்றிருந்த குட்மேனை விட்டுவிட்டுக் கூட்டம் வெப்பையே வென்றவராகக் கொண்டாடியது. வெப் டிரம்ஸ் வாசிப்பவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு ஆள் சேர்க்க வேண்டிய வரிசையை அதுவே சொல்லிவிடுகிறது.

ஆள் சேர்ப்பதற்கு முன் காலத்தை முடிவு செய்ய வேண்டும். 1920களின் நடனக் குழு என்றால் இரண்டு டிரம்பெட், ஒரு டிரம்போன், கிளாரினெட்டும் வாசிக்கக் கூடிய மூன்று சாக்ஸபோன்காரர்கள், பியானோ, பான்ஜோ, டியூபா, டிரம்ஸ் என்று பத்துப் பேர் போதும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் டியூபாவின் இடத்தை டபுள் பாஸும் (நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற கருவி) பான்ஜோவின் இடத்தைக் கிட்டாரும் பிடித்துக்கொண்டன. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் குழுவில் பதின்மூன்று பேரோ அதற்கு மேலோ இருப்பது இயல்பாகிவிட்டது. இரண்டு காலங்களையும் ஒரே குழு வாசிக்க முடியாது என்பதில்லை. நியூயார்க்கில் 1976 முதல் நைட்ஹாக்ஸ் என்ற குழுவை நடத்திவரும் வின்ஸ் ஜியோர்டானோ, உருப்படிக்கு ஏற்ப டியூபா, பாஸ் சாக்ஸபோன், டபுள் பாஸ் என்று கருவியை மாற்றிக்கொண்டே வாசிக்கிறவர். ஆனால் அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைக்காதவரை ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பான்ஜோ அடிக்க, மேலே 1940களின் சாக்ஸபோன் இசை ஓடும் குழுக்களை நான் கேட்டிருக்கிறேன். இரண்டில் எதற்கு ஆடுவது என்று தளத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

தாளப் பிரிவு

பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் ஆகிய நால்வரை முதலில் தேடுங்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர்கள் செய்தி பரவியதும் தாமாக வந்து சேர்வார்கள். நால்வரும் ஒரே ஆளாக நடக்கும் தாளப் பிரிவு அப்படி வந்து சேராது, வளர்த்தெடுக்கத்தான் வேண்டும். 1930களின் பிற்பகுதியில் கவுன்ட் பேசியின் குழுவில் பேசி பியானோவிலும், ஃபிரெடி கிரீன் கிட்டாரிலும், வால்டர் பேஜ் பாஸிலும், ஜோ ஜோன்ஸ் டிரம்ஸிலும் இருந்தார்கள். காற்றுக் கருவிகளைச் சேர்ப்பதற்கு முன் சில வாரங்களுக்கு உங்கள் நால்வரும் இந்த நால்வரை மட்டுமே கேட்டுப் பயில்வது வீண் போகாது.

கிரீன் வாசித்தது ஒலிபெருக்கி இல்லாத ஆர்ச்டாப் கிட்டார், அதாவது மேற்பலகை வளைந்த கிட்டார். ஒரு பாருக்கு, அதாவது நான்கு பீட் கொண்ட ஒரு தாள அளவுக்கு, நான்கு அடி, அனைத்தும் மேலிருந்து கீழாக. சோலோ, அதாவது தனித்து முன்வந்து வாசிப்பது, அவரிடம் அரிது. இடக்கை இரண்டு மூன்று தந்திகளை மட்டும் அழுத்தும், மற்றவை விரலோரம் பட்டு ஊமையாகிவிடும். ஒலி எழுந்த மறுகணமே விரல் தளர வேண்டும், ஆனால் தந்தியை விட்டு எழக் கூடாது. அப்போதுதான் ஒவ்வோர் அடியும் குறுகலாகத் தெறித்து விழும், ஆடுகிறவரின் பாதம் அதன்மேல் நிற்கும். ஆறு தந்தியும் ஒலிக்க முழு கோர்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டை) வாசித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பைத் தாங்குகிறவரே உங்களுக்கு வேண்டிய கிட்டார்காரர்.

டிரம்ஸில் கடினமான பகுதி பாதத்தில் இருக்கிறது. பெரிய டிரம்மை நான்கு பீட்டிலும் தொட வேண்டும், ஆனால் பெடல் ஒரு விரற்கடைக்கு மேல் அசையக் கூடாது. பாஸின் ஒலிக்கு அடியில் மெத்தென்ற ஓர் அழுத்தமாக அது உணரப்பட வேண்டுமே தவிரத் தனியாகக் காதில் விழக் கூடாது. ராக் இசையில் ஊறியவர்களுக்கு இந்த அடக்கம் எளிதில் வராது. 1950களின் பிற்பகுதிக்கு முன் டிரம்மில் பிளாஸ்டிக் இல்லை, கன்றுத் தோல்தான். அதன் மந்தமான ஒலியைப் பெற இன்றைய டிரம்மின் உள்ளே துணி வைத்து அதிர்வைக் குறைத்துக்கொள்ளலாம். டபுள் பாஸிலும் எஃகுத் தந்தியை விடக் குடல் தந்தி நல்லது, ஏனென்றால் அதன் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும்.

பழைய ஒலிப்பதிவுகளை வைத்து டிரம்ஸ் கற்கும்போது ஓர் எச்சரிக்கை. 1925இல் மின் ஒலிப்பதிவு வருவதற்கு முன், கூம்பை நோக்கி வாசித்துப் பதிந்த காலத்தில், முழு டிரம்ஸ் செட்டின் அதிர்வைப் பதிவுக் கருவி தாங்கவில்லை. அதனால்தான் கிங் ஆலிவர் குழுவின் 1923ஆம் ஆண்டுப் பதிவுகளில் பேபி டாட்ஸ் போன்ற பெரிய கலைஞரிடமிருந்தும் பெரும்பாலும் மரக்கட்டை ஒலியே கேட்கிறது. நடனக் கூடத்தில் அவர் அப்படி வாசித்திருப்பார் என்று எண்ணி உங்கள் டிரம்மரை மரக்கட்டையோடு நிறுத்திவிடாதீர்கள்.

பயிற்சிக்குத் தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் தேவை, ஆனால் அது இரண்டாம், நான்காம் பீட்டில் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். அதில் நால்வரும் நிலைத்த பிறகு எட்டு பாருக்கு அதை ஊமையாக்கி, மீண்டும் ஒலிக்கும்போது குழு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முன்னால் ஓடியிருக்கும். ஸ்விங் நடையைப் பொறுத்தவரை, கர்நாடக இசை கேட்டுப் பழகிய தமிழர்களுக்குத் திஸ்ரத்தைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது: ஒரு பீட்டில் ‘தகிட’ சொல்லி, முதல் இரண்டு எழுத்துகளையும் ஒன்றாக நீட்டி, மூன்றாவதை அடுத்த பீட்டோடு ஒட்டிக்கொள்ள விட வேண்டும். ஆயினும் இது நடுத்தர வேகத்துக்கான கணக்கே. வேகம் ஏற ஏற இரண்டு பாதிகளும் சமத்தை நோக்கிப் போகும். அதிவேக உருப்படியிலும் திஸ்ரத்தைப் பிடித்துத் தொங்கினால் இசை நொண்டும்.

வேகம்

இன்று ஸ்விங் குழுக்களுக்கு வேலை கொடுப்பவர்களில் பெரும்பகுதியினர் சவாய் காலத்து ஜோடி நடனமான லிண்டி ஹாப் ஆடுகிறவர்கள். சவாயில் ஆடிப் புகழ்பெற்ற ஃபிராங்கி மேனிங் பல ஆண்டுகள் அஞ்சலகத்தில் பணியாற்றிவிட்டு 1980களில் மீண்டும் கற்பிக்க வந்தார். சுவீடனின் ஹெராங் ஊரில் 1982இல் ஒரு நடன முகாம் தொடங்கியது. அங்கிருந்தும் அமெரிக்க நகரங்களிலிருந்தும் இந்த ஆட்டம் உலகெங்கும் மீண்டும் பரவியது. ஆகவே இவர்களுடைய காலுக்கு எந்த வேகம் இயலும் என்பதைக் குழு அறிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 முதல் 150 பீட் வரை புதியவர்களும் ஆடலாம். 180 வரை பழகியவர்களுக்கு இதமானது. 200ஐத் தாண்டினால், வேகமான இசைக்கு ஏற்ற பால்போவா என்னும் ஜோடி நடனத்தை ஆடுகிறவர்களும் துணிந்தவர்களும் மட்டுமே தளத்தில் மிஞ்சுவார்கள். வேகமான உருப்படிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டை அடுத்தடுத்து வைக்காமல், ஒன்று முடிந்ததும் 130க்கு இறங்கிவிட்டால் ஆடியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த துணையைத் தேடுவார்கள்.

ஒவ்வொரு உருப்படியின் தாளிலும் வேகத்தை எண்ணாக எழுதி வைக்க வேண்டும். தலைவர் எண்ணிக்கை கொடுப்பதற்கு முன் அந்த மெட்டின் இரண்டு வரிகளை மனத்துக்குள் பாடிப் பார்த்துவிட்டுத்தான் விரலைச் சொடுக்க வேண்டும். மேடையேறிய பரபரப்பில் 160 என்பது 185 ஆகிவிடுவது மிகச் சாதாரணம், அதைக் குழுவில் ஒருவரும் உணர மாட்டார்கள்; தளத்தில் இருப்பவர்கள் முதல் எட்டு எண்ணிக்கைக்குள் உணர்ந்துவிடுவார்கள்.

நீளமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். அந்தக் கட்டாயத்தில் பிறந்த அளவு ஆடுகிறவர்களுக்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் ஓரிரு பாட்டுக்கு ஒருமுறை துணையை மாற்றிக்கொள்கிறவர்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். சோலோ ஒருவருக்கு ஒரு கோரஸ் (மெட்டின் ஒரு முழுச் சுற்று), அல்லது அரைக் கோரஸ். வரிசையாக ஏழு பேர் சோலோ வாசிப்பதும், பாஸ் சோலோவின்போது மற்ற மூவரும் வாசிப்பை நிறுத்திவிடுவதும் பிற்கால ஜாஸ் மன்றங்களின் வழக்கம்; நடனக் கூடத்தில் அது தளத்தைக் காலி செய்யும். பாடகரும் அக்கால முறைப்படி நடுவில் ஒரு கோரஸ் பாடிவிட்டு அமர்ந்துவிடுவது அழகு.

உருப்படிகளைத் திரட்டுதல்

பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்க, யார் எதை வாசிப்பது என்று எழுதிய அரேஞ்ச்மென்ட் வேண்டும். பித்தளைக் கருவிகள் ஒன்று சொல்ல, சாக்ஸபோன்கள் மறுமொழி தரும் அமைப்பை 1920களில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் டான் ரெட்மேன் வளர்த்தார். பின்னர் ஹெண்டர்சனே குட்மேன் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பாலோமர் கூடத்தில் மென்மையான உருப்படிகளுக்கு மசியாத கூட்டம், ஹெண்டர்சன் எழுதியவற்றை எடுத்ததும் மேடையை நோக்கித் திரண்டது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதே ஆட்கள், அதே கருவிகள். மாறியது தாளில் இருந்தது.

அக்காலப் பதிப்பகங்கள் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக அச்சிட்டு விற்ற அரேஞ்ச்மென்ட்கள் பழைய இசைத்தாள் விற்பவர்களிடம் இன்றும் கிடைக்கின்றன. அக்காலக் குழுத் தலைவரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டனின் இசைக்கு, நியூயார்க்கின் ஜாஸ் அமைப்பான ஜாஸ் அட் லிங்கன் சென்டர் 1990களிலிருந்து பள்ளிக் குழுக்களுக்காக வெளியிட்டுவரும் பதிப்புகள் நம்பகமானவை. மற்றவற்றை ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அப்படி எழுதும்போது சுருதியை நம்பாதீர்கள். 78 என்று அச்சிட்ட தட்டுகள் பலவும் சரியாக 78 சுழற்சியில் பதியப்பட்டவை அல்ல. பிற்காலத்தில் தட்டிலிருந்து மாற்றிப் பதிந்தவரும் வேகத்தைச் சரிபார்த்திருக்க மாட்டார். காற்றுக் கருவிக்காரர்களுக்கு பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட் போன்ற சுருதிகளே கைவந்தவை என்பதால், உங்கள் காதுக்கு ஒரு பதிவு பி மேஜரிலோ ஈ மேஜரிலோ இருப்பதாகத் தோன்றினால் அது அரைச் சுரம் பிசகியதாக எடுத்துக்கொண்டு, பதிவின் வேகத்தைத் திருத்திவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

உரிமை பற்றியும் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் அக்காலப் பாடல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. ஆகவே 1920களின் பாடல்கள் இப்போது பொதுச் சொத்து, 1930களின் பாடல்களில் பெரும்பகுதி இன்னும் இல்லை. மேடையில் வாசிப்பதற்கான உரிமத்தை வழக்கமாகக் கூடத்தை நடத்துபவரே பெற்றிருப்பார், ஆனால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காற்றுக் கருவிகளைப் பிரிவு பிரிவாகப் பயிற்றுவிக்க வேண்டும். சாக்ஸபோன் பிரிவில் முதல் ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கேதான் மற்றவர்களும் வாங்க வேண்டும், அவருடைய அதிர்வின் (நீளும் சுரத்தை மெல்ல அசைக்கும் வைப்ரேட்டோவின்) அகலமே எல்லோருடைய அகலமும். இன்றைய பயிற்சியில் வளர்ந்தவர்கள் அதிர்வில்லாமல் வாசிப்பதை நாகரிகமாகக் கருதுவதால், 1930களின் தாராளமான அதிர்வைச் சொல்லிச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். டிரம்பெட்டுக்கும் டிரம்போனுக்கும், வாயில் வைத்து ஒலியை மாற்றும் அடைப்புகளான நேர் மியூட், கப் மியூட் இரண்டும் வாங்கிவிடலாம். எலிங்டன் குழுவில் பப்பர் மைலியும் ஜோ நான்டனும் மனிதக் குரல் போல உறுமவைத்த மியூட், தொட்டி அடைப்பை நீக்கும் ரப்பர் கிண்ணம்தான். கட்டையைக் கழற்றிவிட்டால் அதுவே போதும்.

முதல் நிகழ்ச்சியைப் பெரிய அரங்கில் வைக்காமல், நடனப் பள்ளி ஒன்றின் வாராந்தர ஆட்ட மாலையில் வையுங்கள். நால்வர் தாளப் பிரிவு ஒருவரையொருவர் தொடும் தூரத்தில், பாஸுக்குப் பக்கத்தில் ஹை-ஹாட் (டிரம்ஸில் பாதத்தால் இயக்கும் ஜோடித் தாளத்தட்டு) இருக்கும்படி அமரட்டும். அப்படி அமர்ந்தால், வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்பதற்கான மானிட்டர் ஒலிபெருக்கிகள் தேவைப்படாது, பாடகருக்கும் பியானோவுக்கும் மட்டும் மைக் போதும். ஒலிப்பதிவுக் கருவியை மேடையில் வைக்காமல் தளத்தின் நடுவே ஆடுகிறவர்களின் தலைக்கு மேல் தொங்கவிடுங்கள். மறுநாள் அதைக் கேட்கும்போது ஒவ்வொரு உருப்படியையும் உண்மையில் எந்த வேகத்தில் வாசித்தீர்கள் என்று அளந்து, தாளில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள். தளம் எப்போது நிறைந்தது, எப்போது ஓரத்துக்கு ஒதுங்கியது என்பதை ஆடியவர்களில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு அதையும் குறித்துவிட்டு, எண் அதிகம் பிசகிய உருப்படிகளைக் கொண்டே அடுத்த ஒத்திகையைத் தொடங்குங்கள்.