மாத்திரையும் சாக்கடையும்: வடசென்னை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ குழாய்த் தண்ணீர் பற்றிப் பேச்செடுத்தால் நாற்றம், நிறம், சாக்கடைக் கலப்பு இவைதான் முதலில் வரும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத இன்னொன்றும் தண்ணீரில் இருக்கலாம். அது நாம் விழுங்கிய மருந்துகளின் மிச்சம்.

விழுங்கியது முழுவதும் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் உருமாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. அமாக்ஸிசிலினிலும் பெரும்பகுதி அப்படித்தான். கழிவுநீர் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும், இத்தகைய நிலையங்கள் மனிதக் கழிவைச் சிதைக்கக் கட்டப்பட்டவை, மருந்தைப் பிடிக்க அல்ல. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் போன்றவை ஏறக்குறைய முழுசாகவே கடந்துவிடும். 104 நாடுகளின் ஆறுகளைச் சோதித்து 2022-ல் வந்த ஆய்வில் அடிக்கடி அகப்பட்ட மருந்துகளில் இந்த கார்பமசெபினும் மெட்ஃபார்மினும் உண்டு.

இதைக் கேட்டதும் பயந்துபோய் பி.பி. மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்துவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2012 அறிக்கைப்படி, சுத்திகரித்த குடிநீரில் மருந்து மிச்சம் பொதுவாக லிட்டருக்கு 50 நானோகிராமுக்கும் கீழே (ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்). ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையின் அளவு உடம்பில் சேர, அந்தத் தண்ணீரை ஒரு கோடி லிட்டர் குடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் மேலை நாடுகளின் தண்ணீரை வைத்துப் போட்டது. நம் ஊர்த் தண்ணீரையும் தொடர்ந்து சோதித்துச் சொல்லும்படி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது, கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை. கிருமி சாகும், மருந்து மிச்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்காகக் கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள். பழைய குழாய்களில் சாக்கடை கலக்கும் தெருக்களில் உயிரைக் காப்பது அதுதான். ஆர்.ஓ. வடிகட்டி மருந்து மிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், ஆனால் அது வெளியே தள்ளும் தண்ணீரோடு அந்த மிச்சம் மறுபடி சாக்கடைக்கே போகிறது.

என்னைக் கேட்டால், உண்மையான ஆபத்து மெடிக்கலில் வாங்கும் பொட்டலத்தில் இருக்கிறது. “ஜுரத்துக்கு ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணா” என்றால் போதும். பாராசிட்டமால் ஒன்று, சளிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். அட்டையை வெட்டித் தருவதால் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றுமே செய்யாது. அது சிறுநீரோடு சாக்கடைக்குப் போய், அங்கிருக்கும் கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கப் பழக்கும். அந்தக் கிருமி குழாயில் கலந்து ஒரு குழந்தைக்கு வந்தால், வழக்கமான மருந்து கேட்காது. நானோகிராம் கணக்கைவிட நான் அஞ்சுவது இதற்குத்தான். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்ஸசின் இருந்ததை 2007-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஆலைகளைக் கேட்க வேண்டியதும் நிறைய. அதற்காக நம் பங்கு இல்லாமல் போகாது. 2014 முதல் பல ஆன்டிபயாடிக்குகள் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தோலுக்குள் இறங்குவது சுமார் 6 சதவீதம்தான். தடவிய கையை உடனே குழாயில் கழுவாமல், முதலில் ஒரு காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

மீந்த மாத்திரையைக் கழிவறையில் கொட்டாதீர்கள். மார்ஃபின் போன்ற சில வலுவான மருந்துகள் மட்டும் விதிவிலக்கு, அதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மற்றதைச் சமையல் குப்பையோடு சேர்த்தாலும் கொடுங்கையூர் குப்பை மேட்டில் மழை பட்டு ஊறி மண்ணுக்குள் இறங்கும். காலாவதியான மருந்து வீட்டு அபாயக் கழிவு என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. தனிக் கவரில் கட்டி, மேலே ‘மருந்து’ என்று எழுதி, குப்பை வண்டியில் வருகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள். ஊசி இருந்தால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தாருங்கள். அவர் அதை வெறுங்கையால் பிரிக்கிறவர்.