ஹெஸ்டனின் அறிவியல் புனைவுப் படங்களையும் துப்பாக்கி விவாதத்தையும் ஒரே கூட்டத்தில் பேசும் முறை

கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக அமெரிக்க நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனைப் பற்றிய கூட்டத்தை முதன்முறை நடத்தியபோது, அவர் மேடையில் ரைஃபிளை உயர்த்திப் பிடித்திருக்கும் புகைப்படத்தைக் காட்டித்தான் தொடங்கினேன். அதன்பின் இரண்டு மணி நேரம் அவரை ஏசியவர்களும் ஆதரித்தவர்களும் மட்டுமே பேசினார்கள். அவர் நடித்த படங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை வரிசையை மாற்றினேன். கூட்டத்தின் போக்கே மாறியது. படம் முதலில், 1968ஆம் ஆண்டு அடுத்து, ரைஃபிள் கடைசியில் என்ற அந்த வரிசையை நீங்களும் கைக்கொள்ளுங்கள்.

1968இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்', 1971இல் வந்த 'தி ஒமேகா மேன்', 1973இல் வந்த 'சாய்லன்ட் கிரீன்' ஆகிய மூன்றும் நமக்குத் தேவை. அதற்கு முன்பே 'பென்ஹர்' படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்று, புராண நாயகனாகப் புகழடைந்திருந்த ஒருவர், சீர்குலைந்த எதிர்கால உலகில் போராடும் மனிதனாக ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் இந்த மூன்று படங்களிலும் நடித்தார் என்பதே அவர் அறிவியல் புனைவுக்கு விட்டுச்சென்ற பங்களிப்பின் சாரம். மூன்றையும் ஒரே நாளில் காட்ட முடியாது. முதல் படத்தை முழுமையாகவும், மற்ற இரண்டில் ஓரிரு காட்சிகளையும் காட்டினால் போதும். முதல் படம் 112 நிமிடம் ஓடுவதால் பிற்பகல் ஒரு மணிக்கே தொடங்கிவிடுங்கள். இங்கே இருட்டியபின் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கரடியும் காட்டெருமையும் நடமாடும். தூரத்து ஹட்டிகளிலிருந்து (படகர் சிற்றூர்களிலிருந்து) வருகிறவர்கள் கவலையில்லாமல் வீடு திரும்ப வேண்டும். பொது இடத்தில் திரையிடுவதற்கு உரிமையாளரின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

திரையிடுவதற்கு முன் பார்வையாளர்களிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படையுங்கள்: துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, அது என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளட்டும். குரங்குகள் ஆளும் உலகைக் காட்டும் முதல் படத்தில் கொரில்லாக்கள் குதிரையேறி வந்து, பேச்சறியாத மனிதர்களைப் பயிர்வெளியில் விரட்டிச் சுடுகின்றன. ஹெஸ்டனின் பாத்திரமான டெய்லர் அங்கே வேட்டையாடப்படும் பக்கத்தில் இருக்கிறான். வேட்டை முடிந்ததும் கொரில்லாக்கள் பிணங்களுக்கு முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் சிறு காட்சி ஒன்று வரும். அங்கே படத்தை நிறுத்துங்கள். செத்த புலியின் அருகே துப்பாக்கியோடு துரை நிற்கும் வேட்டைப் புகைப்படங்களைப் பழைய பங்களாச் சுவர்களில் பார்த்துப் பழகிய நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இந்த இடத்தில்தான் முதலில் பேசத் தொடங்கினார். கடைசிக் காட்சியை மட்டும் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

'தி ஒமேகா மேன்' படத்திலிருந்து தொடக்கத்தையும் முடிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிருமிப்போரில் வெறிச்சோடிய லாஸ் ஏஞ்சலஸில் காரோட்டிவரும் ஹெஸ்டனின் பாத்திரமான நெவில், சன்னலில் ஒரு நிழலைக் கண்டதும் இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான்; இறுதியில் அதே மனிதனின் துப்பாக்கி இயங்காமல் சிக்கிக்கொள்ள, எதிரி எறிந்த ஈட்டி அவனைக் கொல்கிறது. மக்களைக் காப்பாற்றுவதோ அவனுடைய இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து. 'சாய்லன்ட் கிரீன்' படத்தில் துப்பாக்கிக்கு அவ்வளவு இடமில்லை. ஆனாலும், 2022ஆம் ஆண்டின் நெரிசல் மிகுந்த நியூயார்க்கில் முதியவர் ஒருவர் மலைகளையும் மலர்களையும் மான்களையும் திரையில் பார்த்தபடியே உயிர்விடும் காட்சியை விட்டுவிடாதீர்கள். அந்த முதியவராக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சன் படம் வெளிவருமுன்பே மறைந்தார். அந்தக் காட்சிகளையெல்லாம் அன்றாடம் கண்ணெதிரே பார்க்கும் நம் ஊரில் அதைக் காட்டியபோது அரங்கு நெடுநேரம் பேச்சற்றிருந்தது.

தேநீர் இடைவேளைக்குப் பின் வரலாற்றுக்கு வாருங்கள். ஹெஸ்டன் 1963இல் வாஷிங்டன் குடிமை உரிமைப் பேரணியில் நடந்தவர். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டபின், நடிகர்கள் கிரிகரி பெக், கிர்க் டக்ளஸ், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஆகியோருடன் சேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். அச்சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் கையெழுத்தானது. அதே மனிதர்தான் 1998 முதல் 2003 வரை, துப்பாக்கி உரிமைக்காகக் குரல்கொடுக்கும் அமெரிக்க அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவராக இருந்தார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, அவர் ஏன் மாறினார் என்ற கேள்விக்கு நீங்களே விடை சொல்லாமல் கூட்டத்தைப் பேசவிடுங்கள்.

ஒரு பிழையை மட்டும் எழும்போதே கட்டாயம் திருத்துங்கள். 1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்ட பதினொரு நாட்களில், டென்வரில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஹெஸ்டன் பேசியது உண்மை. ஆனால் செத்த கையிலிருந்துதான் இதைப் பிடுங்க முடியும் என்ற பொருள்பட அவர் ரைஃபிளை உயர்த்தியது 2000 மே மாதம் சார்லட் நகரில். இயக்குநர் மைக்கேல் மூர் தம் 'பவுலிங் ஃபார் கொலம்பைன்' ஆவணப்படத்தில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதால் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அதே படத்தில் ஹெஸ்டனிடம் மூர் எடுத்த நேர்காணலைக் காட்டுவதாக இருந்தால், மறதிநோயின் அறிகுறிகள் தமக்கு இருப்பதாக 2002 ஆகஸ்டில் ஹெஸ்டன் அறிவித்ததையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

விவாதத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவரும்போது சட்டங்களின் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவாக்குங்கள். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தத்தின்கீழ் உரிமை. ஹெஸ்டன் இறந்த 2008ஆம் ஆண்டிலேயே அது தனிமனிதருக்குரிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி என்பது அரசு தரும் உரிமம். 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. காட்டுப்பன்றியால் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் இழந்த விவசாயிகள் இந்த இடத்தில் கட்டாயம் பேசுவார்கள். அவர்களை இடைமறிக்காதீர்கள். பயிரைக் காக்கும் துப்பாக்கியும் பள்ளிக்குள் நுழைந்த துப்பாக்கியும் ஒன்றா என்று அவர்களிடமே கேளுங்கள். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.