ஒரே இடத்திலிருந்து ஓயாத மெயில்: எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சேலை எடுத்தாலும், தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு மூக்குத்தி வாங்கினாலும், பில் போடும் இடத்தில் போன் நம்பரோடு மெயில் ஐடியும் கேட்பது இப்போது சாதாரணம். கொடுத்தால் அட்சய திருதியை, ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வருஷம் முழுக்க மெயில் வரும். எரிச்சலில் எல்லோர் கையும் முதலில் தேடுவது ‘பிளாக்’கைத்தான். பல நேரம் அது சரியான பட்டன் இல்லை.

ஜிமெயிலில் ஒருவரை பிளாக் செய்தால் அவர் மெயில் வருவது நிற்காது. இன்பாக்ஸுக்குப் பதிலாக, வேண்டாத மெயில்களை ஒதுக்கிவைக்கும் ‘ஸ்பேம்’ பகுதிக்குப் போகும். அங்கே 30 நாள் கிடந்து தானாக அழியும். அனுப்பியவருக்குத் திரும்பிப் போகாது, தகவலும் போகாது. வாசல் கதவைச் சாத்துகிற வேலை இல்லை, வந்தவரைத் திண்ணையோடு உட்கார வைக்கிற வேலை. இன்னொன்று, பிளாக் ஒரு முகவரிக்கு மட்டும்தான். அதே கடை நாளைக்கு வேறு முகவரியிலிருந்து அனுப்பினால் அது நேராக உள்ளே வந்துவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, மேலே தெரிகிற பெயரை அல்ல, அதைத் தொட்டால் விரிகிற முழு முகவரியை. @ குறிக்கு முன்னால் இருப்பது மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் இருப்பதுதான் அனுப்புகிற இடத்தின் ஊர் பேர்.

உண்மையான கடை, வேலைவாய்ப்புத் தளம், திருமணத் தகவல் நிலையம் என்றால், அவர்கள் பட்டியலிலிருந்து விலகும் ‘அன்சப்ஸ்கிரைப்’ போதும். அனுப்பியவர் பெயர் பக்கத்திலேயே அது இருக்கும். ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், கேட்ட 2 நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும் என்று 2024-ல் கூகுள் விதி கொண்டுவந்தது. ஆகவே அழுத்திவிட்டு 2, 3 நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் பெரும்பாலும் வேறொரு பட்டியலிலிருந்து வருகிறது: தள்ளுபடிக்கு ஒரு பட்டியல், புது டிசைனுக்கு இன்னொன்று. அதிலிருந்தும் தனியாக விலக வேண்டும். 2025-ல் ஜிமெயிலில் ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற பக்கம் வந்திருக்கிறது. இடது பக்க மூன்று கோட்டைத் தொட்டால் கிடைக்கும். யார் அதிகம் அனுப்புகிறார்களோ அவர்கள் மேலே வரிசையாக நிற்பார்கள்.

“பார்சல் நின்றுவிட்டது, 25 ரூபாய் கட்டுங்கள்”, “இன்று இரவு கணக்கு முடக்கப்படும்” என்கிற ரகம் வேறு. அந்த மெயிலுக்கு அடியில் இருக்கும் விலகல் லிங்க்கைத் தொடவே கூடாது. தொட்டால் இந்த முகவரியை ஒரு ஆள் உட்கார்ந்து படிக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். அதற்கு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ மட்டுமே. 1909-க்குச் சொல்லி, விளம்பரத் தொல்லை வேண்டாம் என்கிற டிஎன்டி பதிவு போட்டாகிவிட்டதே, மெயில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அது போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான்.

போனில் பிளாக்கைத் தேடிக் கிடைக்காமல் போவதற்குக் காரணம் சின்னது. ஆண்ட்ராய்டில் மெயிலைத் திறந்தால் மூன்று புள்ளி இரண்டு இடத்தில் இருக்கும். திரையின் மேல் மூலையில் இருப்பதில் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ இருக்கும், பிளாக் இருக்காது. அனுப்பியவர் பெயருக்கு நேரே, மெயிலுக்குள்ளே இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு, பட்டியலின் கடைசிக்குப் போனால் பிளாக் வரும்.

முகவரியை மாற்றி மாற்றி அனுப்புகிறவர்களுக்கு ஃபில்டர்தான் மருந்து: இன்ன இடத்திலிருந்து மெயில் வந்தால் இன்னது செய் என்று ஜிமெயிலுக்கு நாம் எழுதி வைக்கும் விதி அது. ஜிமெயில் ஆப்பில் இதைப் போட முடியாது; கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பிரவுசிங் சென்டரில் பத்து நிமிஷம் போதும். எழுந்து வரும்முன் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னத்தை அழுத்துங்கள். ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் முழு முகவரிக்குப் பதிலாக @ குறியும் அதற்குப் பின்னால் இருப்பதும் மட்டும் போடுங்கள். உடனே ஃபில்டர் போட வேண்டாம். முதலில் ‘சர்ச்’ கொடுத்து என்னென்ன மெயில் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். இதைத் தாண்டிப் போவதால்தான் பாதி விபத்து. @ குறிக்குப் பின்னால் ஜிமெயில் என்றே போட்டுவிட்டால், மாமாவிலிருந்து மளிகைக் கடைக்காரர் வரை ஜிமெயில் வைத்திருக்கும் அத்தனை பேரும் மாட்டுவார்கள். பட்டியல் சரியாக இருந்தால் திரும்பப் போய் ‘கிரியேட் ஃபில்டர்’ அழுத்துங்கள். அடுத்த திரையில் ‘டெலீட் இட்’ இருக்கும். முதல் இரண்டு வாரம் அதைத் தொடாமல் ‘ஸ்கிப் த இன்பாக்ஸ்’ டிக் செய்து ஒரு லேபிள் மட்டும் கொடுங்கள். பில், ஓடிபி ஏதும் அந்த லேபிளில் போய் விழவில்லை என்று தெரிந்தபின் டெலீட்டுக்கு மாற்றலாம்.

அரசு முகவரிகளுக்கு இந்த வேலையே வேண்டாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கல்வி உதவித்தொகைக்கோ தேர்வுக்கோ விண்ணப்பம் போடும்போது பிள்ளைக்கு அவசரத்துக்கு ஒரு மெயில் ஐடி உண்டாக்குவார்கள், இல்லையென்றால் அப்பாவின் ஐடியையே போடுவார்கள். தொல்லை என்று அந்தத் துறையைத் தள்ளிவிட்டால், ஹால் டிக்கெட் வந்த சேதி ஸ்பேமுக்குள் கிடக்கும்; 30 நாள் கழித்துத் தேடினால் அங்கேயும் இருக்காது. தவறிப் போய் பிளாக் செய்திருந்தால், கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்’ பக்கத்தில் விடுவிக்கலாம்.

பழைய குப்பையை அள்ள, அதே முகவரியைத் தேடி மேலே இருக்கும் கட்டத்தில் டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரிகிறவை மட்டும், வழக்கமாக 50, தேர்வாகும். அதற்கு மேலே ஒரு வரி தோன்றும். அதை அழுத்தினால்தான் மொத்தமும் சேரும். அழித்ததும் இடம் காலியாகாது. குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்வரை அதுவும் உங்கள் 15 ஜிபி கணக்கில்தான். அந்த 15 ஜிபியும் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் பொது. தொட்டியையும் காலி செய்யுங்கள்.

நம் இனிஷியல் பழக்கத்தால் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. ஜிமெயில் முகவரியில் புள்ளி கணக்கே இல்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே கணக்கு. அதே பெயர்க்காரர் ஒருவர் தன் முகவரியைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டால், அவருடைய பள்ளிக் கட்டண ரசீதும் கடன் தவணை அறிவிப்பும் உங்களுக்கு வரும். ஸ்பேம் என்று புகார் செய்வது அவருக்குப் பாதகம். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்துக்குப் போய் “இந்த முகவரி உங்கள் வாடிக்கையாளருடையது இல்லை” என்று ஒரு வரி எழுதுங்கள். உள்ளே இருக்கும் லிங்க்கைத் திறந்து அவர் கணக்கில் கை வைக்கக் கூடாது.

மிரட்டல், ஆபாசம், வேண்டாம் என்று சொன்னபிறகும் விடாமல் துரத்துகிற மெயில் என்றால் பிளாக் செய்யாதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள். ஸ்பேமில் 30 நாளில் ஆதாரமே போய்விடும். அந்த முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, ‘ஸ்கிப் த இன்பாக்ஸ்’, ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்’ இரண்டையும் டிக் செய்து, ‘ஆதாரம்’ என்று லேபிள் கொடுங்கள். கண்ணில் படாது, காணாமலும் போகாது. பதில் ஒரு வரிகூட வேண்டாம். கம்ப்யூட்டரில் அந்த மெயிலின் மூன்று புள்ளியில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து, ‘டவுன்லோட் ஒரிஜினல்’ கொடுத்து, வருகிற ஈஎம்எல் கோப்பைப் பென் டிரைவில் வையுங்கள். மெயில் எந்த வழியாக வந்தது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. ஸ்கிரீன் ஷாட்டில் அது கிடையாது. அடுத்தவருக்குச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் அந்த விவரம் கூடப் போகாது.

பெயர் மறைத்து மிரட்டுவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் வரும். ஒரு பெண்ணைத் தொடர்ந்து துரத்துவது 78-வது பிரிவு. தேசிய சைபர் கிரைம் புகார்த் தளத்தில் பதியலாம், சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் அது தனித்தனி. திருமங்கலத்தில் இருப்பவர் மாவட்டத்தினுடையதைக் கேட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம். மெயிலை நம்பிப் பணம் போய்விட்டது என்றால் எங்கேயும் கிளம்ப வேண்டாம். அந்த நிமிஷமே சைபர் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள்.