ஈஸ்டிலிருந்து எண்ணெய் எடுப்பது எப்படி? தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை

பெங்களூருக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் நம் மாணவர்கள், ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்து பார்க்கத் தகுந்த சோதனை இது. ரொட்டிக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட் இதற்கு உதவாது. சிட்ரேட்டை உடைத்துக் கொழுப்புக்கான மூலப்பொருளைத் தரும் ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி அதில் இல்லை. உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பைச் சேர்க்கும் ரோடோடோருலா டொருலாய்டீஸ் போன்ற இனமே வேண்டும். சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் ஆகிய நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் கல்லூரி வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

செய்முறை முழுவதும் ஒரே உத்தியைச் சார்ந்தது. நைட்ரஜன் தீர்ந்துவிட்டால் செல்லால் புரதம் செய்யவோ பெருகவோ முடியாது. ஆனால் சர்க்கரை தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருப்பதால், அதைக் கொழுப்பாக்கிச் சேமிக்கிறது.

முதலில், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெப்டோன், குளுக்கோஸ் கலந்த சத்தான ஊடகத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) ஒரு நாள் நாற்று வளர்ப்பு செய்யுங்கள்; அதாவது, அடுத்த கட்டத்துக்கான தொடக்கச் செல்களை வளர்த்துக்கொள்ளுங்கள். பிறகு மையவிலக்கியில் செல்களைப் படியவைத்து, கிருமிநீக்கிய உப்புநீரால் கழுவுங்கள். கழுவாவிட்டால் பழைய ஊடகத்தின் நைட்ரஜனும் கூடவே வந்துவிடும்.

அடுத்து, செல்களில் எண்ணெய் சேர வைக்கும் ஊடகம். ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 60 கிராம், அம்மோனியம் சல்பேட் 1 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், மெக்னீசியம் சல்பேட் அரை கிராம், பிஎச் 6. குளுக்கோஸில் கார்பன் 24 கிராம், மற்றவற்றில் நைட்ரஜன் ஏறத்தாழ 0.3 கிராம், எனவே கார்பன்–நைட்ரஜன் விகிதம் எண்பதுக்கு ஒன்றை ஒட்டி அமைகிறது. குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவிக் கலத்தில் கிருமிநீக்கி) பிறகு கலப்பது நல்லது; சேர்த்துச் சூடாக்கினால் ஊடகம் பழுப்பேறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், அழுத்தமானி 15 பிஎஸ்ஐ காட்டினாலும் உள்வெப்பநிலை 119 டிகிரி அளவிலேயே நிற்கும் என்பதால், வெப்பமானியை நம்புங்கள், அல்லது ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

250 மில்லி குடுவையில் 50 மில்லி ஊடகமே போதும். ஈஸ்டுக்குக் காற்று தாராளமாக வேண்டும். கழுவிய நாற்றுச் செல்களைச் சேர்த்து, 30 டிகிரியில், நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் ஷேக்கரில் விடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு துளி எடுத்து, கொழுப்பை ஒளிரச் செய்யும் நைல் ரெட் சாயமிட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள். சிறு புள்ளிகளாகத் தொடங்கும் கொழுப்புத் துளிகள், போகப்போகப் பருத்துச் செல்லையே அடைத்துக்கொள்ளும். சர்க்கரை அளவையும் சோதித்து வாருங்கள். அது முற்றிலும் தீர்ந்தபின் விட்டுவைத்தால், சேமித்த கொழுப்பையே ஈஸ்ட் தின்னத் தொடங்கும். பொதுவாக ஐந்தாம் நாளை ஒட்டி அறுவடை செய்யலாம்.

செல்களைக் கழுவி உலர்த்தி எடை பாருங்கள். இவற்றின் சுவர் கடினமானது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிய பிறகே, கொழுப்பைக் கரைத்தெடுக்கும் குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவை உள்ளே புகும். இந்த வேலையைக் கட்டாயம் ஃபியூம் ஹூடுக்குள் (நச்சாவியை வெளியேற்றும் அடைப்புக்குள்) செய்ய வேண்டும். கொழுப்பு கரைந்திருக்கும் குளோரோஃபார்ம் கீழடுக்கைப் பிரித்தெடுத்துக் கரைப்பானை ஆவியாக்கினால், கரோட்டினாய்டு நிறமிகளால் ஆரஞ்சு நிறமேறிய எண்ணெய் மிஞ்சும். குடுவையில் இருந்த 3 கிராம் சர்க்கரைக்கு, கோட்பாட்டளவில்கூட ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அரை கிராம் வந்தால் நல்ல விளைச்சல். உண்பதற்கு இது ஆகாது. மீந்த வளர்ப்பை ஆட்டோகிளேவ் செய்தபிறகே கொட்டுங்கள். குளோரோஃபார்ம் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.