தாப்பாஸ் மேசையில் தஞ்சாவூர்க்காரர் செய்யும் தவறுகள்

கும்பகோணத்துப் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பழகியவருக்குச் சாப்பாடு என்றால் ஓர் ஒழுங்கு மனத்தில் பதிந்திருக்கும். இலை விரித்ததும் இனிப்பு, பச்சடி, கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து அமரும். அவரவர் இலை அவரவருக்கு. பேச்சுக்கு அங்கே அதிக இடமில்லை, ஏனெனில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார். பேச்செல்லாம் கை கழுவிய பிறகு வெற்றிலைத் தட்டைச் சுற்றித்தான். ஒரு செப்டம்பரில் ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில், கல்லூரி விடுதியில் மூன்றாண்டுகள் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுடன் நவீன தாப்பாஸ் (சிறு சிறு தட்டுகளில் வந்து பகிர்ந்து உண்ணும் பண்டங்கள்) உணவகம் ஒன்றுக்குப் போனபோது இந்த ஒழுங்கையும் கூடவே கொண்டுபோய்விட்டேன். அன்று இரவு நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து பிறந்தவை. பிள்ளைகளையோ பழைய சிநேகிதர்களையோ பார்க்க அந்தப் பக்கம் போகிற டெல்டாக்காரர்களுக்கு உதவும் என்று அவற்றை எழுதிவைக்கிறேன்.

முதல் தவறு நேரத்தில் தொடங்கியது. நம் ஊரில் ஏழரை மணிக்கு இட்லிப் பானையில் ஆவி கிளம்பிவிடும் என்பதால், எனக்கு ஏழு மணிக்கே வயிறு கூப்பிட்டது. நண்பன் எவ்வளவோ தயங்கியும் நான் அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பது அல்லது பத்துக்கு. இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரீனிச் தீர்க்கக் கோட்டையொட்டி இருக்கிற அந்த ஊர், 1940 இல் ஸ்பெயின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறியதிலிருந்து இன்று வரை சூரியனுக்கு முந்தியே ஓடுகிறது. கோடையில் ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயும். ஆகவே உணவகத்தில் ஒன்பது மணிக்கு மேல் இடம் பதிவு செய்துகொண்டு, ஆறு மணிக்கு ஏதாவது சிற்றுண்டி சாப்பிட்டுவிடுவதே சரி. அந்த ஊரில் அதற்கென்றே ஒர்ச்சாதா என்று ஒரு குளிர்பானம் இருக்கிறது. பால் போல வெளுத்திருந்தாலும் அதில் பால் கிடையாது. ஒரு கோரைவகையின் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துத் தருகிறார்கள். நம் வயலில் குனிந்து குனிந்து பிடுங்கிப் போடும் கோரையின் நெருங்கிய உறவுச் செடியை, வலென்சியாவை அடுத்த அல்போராயாவில் பாத்தி கட்டிப் பயிர் செய்வதைக் கேட்டபோது, களை எடுக்க ஆள் கிடைக்காமல் நான் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது. தாப்பா என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மூடி என்று பொருள். மதுக் கோப்பையின் மேல் ரொட்டித் துண்டையோ இறைச்சிச் சீவலையோ மூடியாக வைத்துக் கொடுத்த வழக்கத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாகப் பரவலாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அளவு சிறியது என்பது உண்மை. ஆனால் சிறியது என்று நம்பிப் பட்டியலில் பத்து வகையைக் காட்டிவிட்டால், இரண்டு முழங்கை அகல மேசையில் பத்துத் தட்டும் ஒன்றாக வந்து, சூடாகச் சாப்பிட வேண்டியது ஆறும், குளிர்ச்சியாகச் சாப்பிட வேண்டியது வெதுவெதுக்கும். இன்னொரு சிக்கல், அதே பண்டம் மூன்று அளவில் கிடைக்கும் என்பது: தாப்பா என்பது சில வாய், மெதியா ராசியோன் என்பது அரைத் தட்டு, ராசியோன் என்பது இரண்டு மூன்று பேர் பகிரும் முழுத் தட்டு. குரோக்கெத்தா என்ற உருண்டையைப் பல இடங்களில் எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள். இரண்டு பேருக்கு முதலில் மூன்று வகை போதும். அவை தீரும்போது மேலும் இரண்டு கேட்கலாம். நடுநடுவே கேட்டுக்கொண்டே இருப்பதை அங்கே யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

எச்சில் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். தட்டு நடுவில் இருக்கும். எல்லோரும் தத்தம் முள்கரண்டியை நேராக அதில் விடுவார்கள். அது அங்கே நெருக்கத்தின் அடையாளம். தனித் தட்டும் பரிமாறும் கரண்டியும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருகிறார்கள், ஆனால் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருப்பதுதான் நம்மவர் வழக்கம். எங்கள் இருவருக்கும் அந்தக் கஷ்டம் வரவில்லை. விடுதியில் ஒரே டம்ளர் காப்பியை இரண்டு பேரும் தூக்கிக் குடித்தே படித்து முடித்தவர்கள்.

இனி, நீளமாகச் சொல்ல வேண்டிய தவறு. நான் சைவம், முட்டையும் தொடுவதில்லை. நண்பனுக்கு அது தெரியும் என்று நான் நினைத்தேன். இருபது வருடத்தில் நான் மாறியிருப்பேன் என்று அவன் நினைத்தான். எதையும் பேசாமல் தேர்வை அவனிடம் விட்டுவிட்டேன், ஏனெனில் விருந்துக்குக் கூப்பிட்டவனிடம் இது வேண்டாம் அது வேண்டாம் என்பது நம் பக்கம் மரியாதை இல்லை. முதலில் வந்தது எஸ்கார்ராயெத். சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாயைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டிருந்தார்கள். இடையிடையே வெள்ளைக் கீற்றுகள். தேங்காய்ச் சில்லோ பூண்டோ என்று வாய்க்குக் கொண்டுபோன பிறகுதான் நாகப்பட்டினத்துக் கருவாட்டுச் சந்தையின் வாசம் அடித்தது. அது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். “சொல்லியிருக்கலாமேடா” என்று அவன் பதறினான், தவறு என்மேல்தான்.

சைவர்கள் அங்கே ஏமாறுவதற்குக் காரணம் ஏமாற்று வேலை அன்று, சொல்லின் பொருள் வேறுபாடு. இறைச்சி இல்லாமல் வேண்டும் என்று கேட்டால், பழைய வழக்கத்தில் ஊறிய சமையற்காரர் மனத்தில் மாட்டிறைச்சியும் பன்றிக்கறியும்தான் வரும்; பன்றித்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்திச் சீவிய ஹாமோன் துணுக்குகளை அவர் கறிவேப்பிலை மாதிரி ஒரு வாசனைப் பொருளாகவே பார்க்கிறார். கொர்தோபா நகரத்துத் தக்காளிக் குழம்பான சல்மொரேஹோவின் மேல் அதே ஹாமோனும் அவித்த முட்டையும் தூவுவது வழக்கம். உருளைக்கிழங்குச் சாலட்டில் டூனா மீன் கலந்திருக்கும். தொர்த்தியா என்ற பெயரைக் கேட்டு மெக்சிகோக்காரர்களின் சப்பாத்தி போன்ற பண்டம் என்று நினைக்கக் கூடாது. ஸ்பெயினில் அது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கனத்த அடை. பொரித்த உருளைக்கிழங்கான பத்தாத்தாஸ் பிராவாஸ் சைவம்தான் என்றாலும், அதன் மேல் ஊற்றும் பூண்டுக் கலவையில் பெரும்பாலும் முட்டை இருக்கும். ஆகவே “சின் ஹாமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ”, அதாவது ஹாமோன் இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் அருகிலும் சின்னச் சின்னப் படங்கள் போட்டிருப்பதைப் பார்த்து நான் அடுத்த தவறுக்குப் போனேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும். மீன், முட்டை, பால், கொட்டைகள் எல்லாம் அதில் அடங்கும். இறைச்சி அந்தப் பதினான்கில் இல்லை. மீன் படமும் முட்டைப் படமும் இல்லை என்பதால் ஒரு பண்டம் சைவம் என்று முடிவு கட்டினால் பன்றிக் கொழுப்பில் போய் முடியலாம். நம்பிக் கேட்கக்கூடியவையும் இல்லாமல் இல்லை. தக்காளி தேய்த்த ரொட்டி, கொண்டைக்கடலையோடு சேர்த்த பசலைக்கீரை, கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய்ப் பொரியல் ஆகியவை பொதுவாகச் சைவமே. பாத்ரோன் மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்புத் தூவித் தருவார்கள். பெரும்பாலானவை காரமில்லாதவை, எப்போதாவது ஒன்று சுள்ளென்று இறங்கும். மோர்மிளகாய் தின்று வளர்ந்த எங்களுக்கு அந்த ஒன்றைத் தேடுவதே விளையாட்டாகப் போயிற்று.

சோற்று விஷயத்தில் டெல்டாக்காரர்கள் வாயை அடக்குவது கடினம். அன்று காலைதான் நண்பன் நகரத்துக்குத் தெற்கே உள்ள அல்புஃபேரா ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் நெல்வயல்களைக் காட்டியிருந்தான். மேட்டூர் அணை ஜூன் 12 இல் திறந்த வருடங்களில் நம் குறுவை அறுப்புக்கு வரும் அதே செப்டம்பரில் அங்கேயும் அறுவடை. அரபியர் கொண்டுவந்த பயிர் அது. அதைப் பார்த்த மயக்கத்தில் இரவு பாயெயா கேட்டேன். பாயெயா என்பது அந்த அகன்ற தட்டைச் சட்டியின் பெயர். அதில் சமைக்கும் சோற்றுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. வலென்சியாக்காரர்கள் அதை மதியத்தில், ஆற அமர உண்பார்கள். இரண்டு பேருக்குக் குறைந்து பெரும்பாலும் போடுவதில்லை என்பதால், சைவரும் அசைவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். காய்கறிப் பாயெயா என்றாலும் அது வேகும் சாறு கோழியில் எடுத்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்ட ஐந்து நிமிடத்தில் வந்தால் அது பழையதைச் சூடாக்கியது. போம்பா என்ற அந்தக் குட்டை அரிசி சாற்றை நிறையக் குடித்தும் குழையாது. நடுவில் கொஞ்சம் விறைப்பு நிற்கும். பொன்னி அரிசியைப் பதம் பார்த்து வடித்த கையோடு போகிறவர் “வேகலையே” என்று சொல்லத்தான் செய்வார். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், அடியில் பிடித்திருந்ததைக் கருகிவிட்டது என்று பரிமாறுபவரிடம் காட்டினேன். அந்தக் காந்தலுக்கு சொக்காராத் என்று தனிப் பெயரே உண்டு, அதற்காகத்தான் சண்டையே நடக்கும் என்று நண்பன் சொன்னபோது, பானையடிக் காந்தலைச் சுரண்டித் தயிர் விட்டுப் பிசைந்து தின்ற நானே அதைக் குறை சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது.

நவீன உணவகம் என்பதால் வித்தைகளும் உண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில், 2011 இல் மூடப்பட்ட எல் புல்லி உணவகத்தில் சமையற்கலைஞர் ஃபெரான் அட்ரியா பெயர்பெற வைத்த முறை இப்போது பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது: ஆலிவ் சாற்றைக் கால்சியமும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் சேர்த்து, மெல்லிய தோல் மூடிய உருண்டையாக்கி, பார்வைக்கு அசல் ஆலிவ் காய் போலவே கரண்டியில் வைத்துத் தருகிறார்கள். அதை முழுதாக வாயில் போட வேண்டும். நான் கத்தியால் வெட்டினேன், மேசைவிரிப்பெல்லாம் பச்சை.

குடிப்பதில் கூச்சம் தேவையில்லை. மது வேண்டாதவருக்கு மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு பல இடங்களில் உண்டு. குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022 இல் சட்டமே வந்துவிட்டது, ஆனால் கேட்காவிட்டால் புட்டித் தண்ணீர்தான் வரும், அதற்குக் காசு. டிகிரி காப்பியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசித் தவறு பில். பதினோரு மணிக்கே தட்டுகள் காலியாகிவிட்டன, யாரும் பில் கொண்டுவரவில்லை. பந்திக்காரன் புத்தி, பின்னால் யாரோ நிற்பது போலவே எனக்கு இருந்தது. பரிமாறுபவரைக் கைகாட்டிக் கூப்பிடப் போனேன். கேட்கும் முன்பே பில்லை நீட்டுவது விருந்தாளியை எழுந்திரு என்று சொல்வதற்குச் சமம் என்பதால் அவர்கள் நீட்டமாட்டார்கள் என்று நண்பன் என் கையைப் பிடித்து இறக்கினான். சாப்பிட்ட பிறகு மேசையைவிட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அங்கே சொப்ரெமேசா என்று பெயர். நம் வெற்றிலைத் தட்டு நேரம்தான், இடம் மட்டும் திண்ணையிலிருந்து மேசைக்கு வந்திருக்கிறது. யார் கொடுப்பது என்ற மல்லுக்கட்டலை வேண்டுமானால் முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம்: கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் அட்டையைத் தேய்த்துவிடுவது எல்லா ஊரிலும் செல்லும் உபாயம். அதற்குமேல் டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை விட்டு வருவார்கள்.

பன்னிரண்டு மணி வரை அவன் வேலையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான். பிறகு, தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே, பாபநாசம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்காரர் கேட்கிறார், விற்றுவிடலாமா, நீ ஒருமுறை போய் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துச் சொல்வாயா என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் பில் கேட்டோம்.