ஓட்டோ கிளெம்பெரரை இரண்டு காதாலும் கேட்பது எப்படி

"இண்டைக்கு ஒரு நடத்துநரைப் பற்றிப் பார்ப்போம்" என்று வகுப்பில் சொன்னதும் ஒரு பையன், "டீச்சர், அவர் எந்த பஸ்?" என்று கேட்டான். நிலாவெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பிள்ளை. அவனுக்குத் தெரிந்த நடத்துநர் மிச்சக் காசு தராதவர் மட்டும்தான். கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஓர்கெஸ்ட்ரா என்கிற பெரிய வாத்தியக் குழுவின் முன்னால் நின்று, ஒரு சத்தமும் எழுப்பாமல் கையை மட்டும் ஆட்டுகிற ஒருவரை எப்படிக் கேட்பது?

நான் திருகோணமலை உப்புவெளியில் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். கப்பலில் வேலை பார்த்த என் மாமா கொண்டுவந்த ஒரு கசெட்டில்தான் ஓட்டோ கிளெம்பெரர் என்ற ஓர்கெஸ்ட்ரா நடத்துநர் எனக்கு முதலில் கிடைத்தார். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்கு அவரைக் கேட்க வைப்பேன். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். நான் முதல் வருடம் கரும்பலகையில் "1885, பிரெஸ்லாவ்" என்று எழுதி, அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது என்று விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியே வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். காதில் தொடங்குங்கள்.

நல்ல இயர்போன் ஒன்று வேண்டும், வயர் உள்ளதாகவே இருக்கட்டும். ஒரு வருடம் ஆசையோடு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இரவல் வாங்கினேன். சத்தம் வீடு அதிர வந்தது. ஆனால் இடமும் வலமும் ஒரே வாயால் வந்தால் இந்தப் பாடமே நடக்காது. மார்கழி மழையிலும் வைக்காதீர்கள். தகரக் கூரையோடு போட்டி போட எந்த ஓர்கெஸ்ட்ராவாலும் முடியாது.

இப்போது ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனி, கடைசிப் பகுதி. சிம்பொனி என்றால் ஓர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதிய நீண்ட படைப்பு. கிளெம்பெரர் 1961இல் லண்டன் பில்ஹார்மோனியா ஓர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்தது. தொடக்கத்தில் படியிறங்குவது போல ஒரு சோகமான மெட்டு வரும். அந்த மெட்டை அங்கே யாரும் வாசிக்கவில்லை. முதல் வயலின் குழுவுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் வயலின் குழுவுக்கு அடுத்த ஸ்வரம் என்று சைக்கோவ்ஸ்கி பிய்த்துப் பிய்த்து எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தை மட்டும் தனியே வாசித்தால் தாறுமாறாகத் தாவும். இரண்டும் சேரும்போது கேட்கிறவர் காதில்தான் மெட்டு உருவாகிறது.

பல ஓர்கெஸ்ட்ராக்களில் எல்லா வயலின்களும் இடது பக்கமே இருக்கும். கிளெம்பெரர் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் பிரித்தே உட்காரவைப்பார், அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் அந்த மெட்டு ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவிக்கொண்டே வரும். ஒரு பக்க இயர்போனைக் கழற்றச் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி கழற்றிவிட்டு, "டீச்சர், பாட்டு உடைஞ்சுபோச்சு" என்றாள். அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

கையோடு இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி இறங்கு வரிசையில் ஒருவருக்கு ஒன்றாகப் பங்கிட்டு வாசிக்க விடுங்கள். முதலில் ஸ, நி எதுவும் சரியாக வராது. ஒருவர் வில்லை மற்றவர் பார்க்கத் தொடங்கிய பிறகு வரும். அந்தப் பார்வையை அறுபது எழுபது பேருக்கும் சேர்த்துத் தன் கையில் வைத்திருப்பவர்தான் நடத்துநர். பஸ் கேட்ட பையனுக்கு அப்போதுதான் ஆள் யாரென்று பிடிபட்டது.

அடுத்தது காலப்பிரமாணம், அதாவது வேகம். போனில் ஸ்டொப்வோச் போதும். கிளெம்பெரர் மெதுவானவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் 7ஆம் சிம்பொனியை 1968இல் பதிவு செய்தபோது கிட்டத்தட்ட 100 நிமிடம் எடுத்தார், பலர் 80 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிற படைப்பு அது. ஆனால் அதே மனிதர் அதே மாலரின் 2ஆம் சிம்பொனியைப் பலரைவிட விரைவாகவே நடத்தியிருக்கிறார். ஆகவே "வயசு, வருத்தம், அதுதான் மெதுவு" என்று முடிவுகட்டும் உரைகளை நம்பாதீர்கள். எனக்கு அது சோம்பல் பேச்சாகவே படுகிறது.

இவ்வளவும் கேட்டபிறகு வாழ்க்கைக்கு வரலாம். இங்கேயும் ஒழுங்கு வரிசை வேண்டாம், பாஸ்போர்ட்டில் தொடங்குங்கள். நம் ஊரில் அது எல்லாருக்கும் விளங்கும். யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1933 ஏப்ரலில், ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவின் நடத்துநராக 1939 வரை இருந்தார். அந்த வருடம் மூளைக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை, அதோடு உடம்பின் வலப்பக்கம் பலவீனமாகிவிட்டது. அமெரிக்கக் குடிமகனான பின்னும் 1950களின் தொடக்கத்தில் பாஸ்போர்ட் சிக்கலில் அங்கேயே மாட்டிக்கொண்டு, 1954இல்தான் ஐரோப்பாவுக்கு மீள முடிந்தது. நடுவில் 1951இல் மொன்ட்ரியல் விமான நிலையத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் பல காலம் கதிரையில் இருந்துதான் நடத்தினார். 1959இல் அதே பில்ஹார்மோனியா அவரை ஆயுள் முழுவதற்கும் தலைமை நடத்துநராக்கியது. 1973இல் சூரிக்கில் இறந்தார், அங்கேயே அடக்கம். சூரிக் என்றதும் மூன்று பிள்ளைகள் கை தூக்கினார்கள், சித்தப்பா அங்கே, மாமி அங்கே என்று.

1933க்கு முந்திய காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இளம் வயதில் கிளெம்பெரர், மாலரே எழுதிய 2ஆம் சிம்பொனியின் ஒரு பகுதியை நோட்டுப் பார்க்காமல் பியானோவில் மாலருக்கு வாசித்துக் காட்டினார். மாலர் ஒரு அட்டையில் நாலு வரி சிபாரிசு எழுதிக் கொடுத்தார். 1907இல் பிராக் நகரில் வேலை கிடைத்தது. அப்புறம் 1927 முதல் 1931 வரை பெர்லின் குரோல் ஓப்பரா என்ற இசைநாடக அரங்கில் புதிய படைப்புகளைத் துணிந்து மேடையேற்றினார்.

அவர் இசையமைத்தவரும்கூட. ஆறு சிம்பொனிகள், வயலின் வகை வாத்தியங்கள் நான்கு சேர்ந்து வாசிக்கிற குவார்ட்டெட்டுகள் ஒன்பது. உண்மையைச் சொன்னால் அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் நான் கேட்டிருக்கிறேன், கேட்டதில் எல்லாம் மனசில் ஒட்டவும் இல்லை. ஆனால் "மெர்ரி வோல்ட்ஸ்" என்று ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கடைசியாக வையுங்கள். கொஞ்சம் கோணலாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். கதிரையில் சிடுசிடு முகத்தோடு இருக்கும் அவர் படத்தை அதற்குமுன் காட்டியிருந்தால் பிள்ளைகள் இரண்டையும் பொருத்த முடியாமல் திணறுவார்கள்.

வீட்டுப்பாடமாக, அதே சைக்கோவ்ஸ்கித் துண்டை வேறொரு நடத்துநரின் பதிவில் தேடிக் கேட்டு, இரண்டாம் வயலின் எந்தக் காதில் இருக்கிறது என்று கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள்.